‘லாகின்’ என்பதில் இருக்கும் ‘லாக்’ பூட்டா, கட்டையா?

நீங்கள் கேட்டது இது: ஆபீஸில் நாள் முழுக்க ‘லாகின் பண்ணு’, ‘லாக் அவுட் பண்ணு’ என்கிறோம். இதில் வரும் ‘லாக்’ பூட்டா? அகராதியில் மரக்கட்டை என்று போட்டிருக்கிறது. கூட வேலை பார்ப்பவர் கணக்கில் வரும் லாகரிதத்தின் சுருக்கம் என்கிறார். எது சரி? ‘லாக் இன்’, ‘லாக் ஆன்’, ‘சைன் இன்’ மூன்றும் ஒன்றுதானா? ஆங்கிலத்தில் சேர்த்து எழுத வேண்டுமா, பிரித்து எழுத வேண்டுமா? பார்க்க நாலைந்து கேள்விகளாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒரே சந்தேகம்தான். லாகின் செய்வது பூட்டைத் திறந்து உள்ளே போவதா, பதிவேட்டில் பெயர் எழுதுவதா? பதிவேட்டில் எழுதுவதுதான். அகராதியில் நீங்கள் பார்த்த மரக்கட்டையும் சரியே. அந்தக் கட்டைதான் பதிவேட்டுக்குப் பெயர் கொடுத்தது, பதிவேட்டிலிருந்து வினை வந்தது, அந்த வினையோடு ‘இன்’ சேர்ந்து கணினிக்குள் வந்தது. பூட்டுக்கும் லாகரிதத்துக்கும் இதில் பங்கில்லை.

பூட்டு என்று நமக்குத் தோன்றுவதற்கு நியாயமான காரணம் உண்டு. ஆங்கிலத்தில் பூட்டுக்கான சொல் ‘க்’ என்ற வல்லொலியில் முடிகிறது. கட்டைக்கான சொல்லின் கடைசி ஒலி, ‘தங்கம்’ என்பதில் வரும் ககரம் போல மெலிந்து ஒலிப்பது. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் இரண்டையும் ‘லாக்’ என்றே எழுதுகிறோம். சொல்லின் கடைசியில் நிற்கும் க் நம் வாயில் வல்லொலியாகத்தான் வரும். அதனால் ‘லாக் அவுட்’ என்று பிரித்துச் சொல்லும்போது ஆங்கிலக் காதுக்கு அது ‘பூட்டி வெளியே தள்ளு’ என்று கேட்கும். தொழிற்சாலைக் கதவடைப்புக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல் அதுதான். ஆனால் ‘லாகின்’ என்று சேர்த்துச் சொல்லும்போது ககரம் இரண்டு உயிர்களுக்கு நடுவில் வந்து தானாகவே மெலிகிறது, உச்சரிப்பு சரியாக அமைந்துவிடுகிறது. ஆகவே அவுட்டையும் ‘லாகவுட்’ என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் போனில் பேசுகிறவர்களுக்கு இது முக்கியம். ‘என் கணக்கு பூட்டப்பட்டுவிட்டது’, ‘என் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டேன்’ என்ற இரண்டும் முற்றிலும் வேறு புகார்கள், சரிசெய்யும் முறையும் வேறு.

இனி கட்டைக்கு வருவோம். நடுக்கடலில் போகும் கப்பலின் வேகத்தை அறியக் கரையில் அடையாளம் ஏதும் கிடையாது. அதற்கு மாலுமிகள் கண்ட வழி, தண்ணீரில் ஒரு கட்டையைப் போட்டு, கப்பல் அதை விட்டு எவ்வளவு விரைவாக விலகுகிறது என்று பார்ப்பது. இதன் எளிய வடிவத்துக்குக் கயிறுகூட வேண்டாம். கப்பலின் முன்முனையில் ஒரு மரத்துண்டைப் போட்டு, அது பின்முனையைக் கடக்க ஆகும் நேரத்தைக் கணக்கிட்டால் போதும். 100 அடி நீளமுள்ள கப்பலை ஒரு துண்டு 12 நொடியில் கடந்தால் வேகம் நொடிக்குச் சுமார் எட்டேகால் அடி, அதாவது ஏறக்குறைய 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்). இதைவிடத் துல்லியமான கயிறு கட்டிய கட்டையைப் பற்றி, வில்லியம் போர்ன் என்ற ஆங்கிலேயர் மாலுமிகளுக்காக 1574இல் வெளியிட்ட கையேட்டில் விளக்கியிருக்கிறார். அந்தக் கருவிக்கே ‘லாக்’ என்றுதான் பெயர்.

பின்னாளில் அது வெறும் கட்டையாக இல்லாமல் செதுக்கிய பலகையாக மாறியது. வட்டத்தின் கால் பங்கு வடிவம், ஆரம் ஐந்தாறு அங்குலம். வளைந்த விளிம்பில் ஈயம் பதித்திருப்பார்கள். அந்தப் பாரத்தால் பலகை தண்ணீரில் படுக்காமல் கூர்முனை மேலே இருக்க, பெரும்பகுதி மூழ்கியபடி செங்குத்தாக நிற்கும். செங்குத்தாக நின்றால்தான் தண்ணீர் அதைப் பிடித்துக்கொள்ளும். படுத்துவிட்டால் கப்பலின் பின்னாலேயே வழுக்கிக்கொண்டு வந்து வேகத்தைக் குறைத்துக் காட்டும். மூன்று மூலைகளிலிருந்தும் சிறு கயிறுகள் வந்து முக்கிய கயிற்றோடு சேரும். அவற்றுள் ஒன்றை மட்டும் கட்டாமல் ஒரு மர முளையால் செருகியிருப்பார்கள். அளந்து முடித்ததும் கயிற்றை ஒரு சுண்டு சுண்டி இழுத்தால் முளை கழன்றுவிடும், பலகை படுத்துவிடும், சுலபமாக மேலே இழுத்துக்கொள்ளலாம். அந்த முளை இல்லாவிட்டால், வேகமாகப் போகும் கப்பலிலிருந்து நிமிர்ந்து நிற்கும் பலகையை இழுப்பதற்குள் கயிறே அறுந்துவிடும்.

அளக்க மூன்று பேர் வேண்டும். ஒருவர் கயிறு சுற்றிய உருளையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பார், இன்னொருவர் கையில் மணற்கடிகை, மூன்றாமவர் பலகையை வீசிவிட்டுக் கயிற்றை விரல்களுக்கு இடையில் ஓடவிடுவார். கப்பல் கிளப்பும் சுழலைத் தாண்டிப் பலகை அமைதியான தண்ணீரை அடைய வேண்டும் என்பதற்காக, முதல் பல பாகம் கயிற்றைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். (பாகம் என்பது நம் மீனவர்கள் ஆழம் சொல்லும் அதே அளவு, ஏறத்தாழ ஆறடி.) கணக்கு தொடங்கும் இடத்தில் ஒரு துணித்துண்டு கட்டியிருக்கும். அது கையைத் தொட்டதும் வீசியவர் குரல் கொடுப்பார், மணற்கடிகையைத் திருப்புவார்கள். அதற்கு மேல் கயிற்றில் சம தூரங்களில் முடிச்சு. மணல் தீர்ந்ததும் கயிற்றைப் பிடித்து நிறுத்தி, எத்தனை முடிச்சுகள் போயின என்று பார்ப்பார்கள். ஆறு முடிச்சு போயிருந்தால் வேகம் ஆறு நாட். ஆங்கிலத்தில் நாட் என்றால் முடிச்சு. இன்று தொலைக்காட்சியில் புயல் செய்தி வாசிக்கும்போது காற்றின் வேகத்துக்குச் சொல்லும் நாட் இந்தக் கயிற்றிலிருந்து வந்ததுதான்.

முடிச்சுகளின் இடைவெளி ஏதோ ஒரு குத்துமதிப்பில் வைத்தது கிடையாது. மணற்கடிகை 28 நொடி ஓடுமானால் இடைவெளி 47 அடி 3 அங்குலம். 28 நொடியில் அவ்வளவு என்றால் ஒரு மணி நேரத்தில் 6,075 அடி, அதாவது ஒரு கடல் மைல். எண்ணிய முடிச்சே மணிக்கு எத்தனை கடல் மைல் என்பதாக ஆகிவிடுகிறது, பெருக்கல் வகுத்தல் எதுவும் தேவையில்லை. ஆனால் தொடக்கத்தில் 30 நொடிக் கடிகைக்கு 42 அடி இடைவெளிதான் வைத்திருந்தார்கள். ஒரு கடல் மைல் 5,000 அடி என்று தவறாக நினைத்ததால் வந்த வினை. லண்டனிலிருந்து யார்க் வரை தரையில் அளந்து பார்த்த ரிச்சர்ட் நார்வுட், கடல் மைல் சுமார் 6,120 அடி வரும் என்று கண்டு, 1637இல் இடைவெளியை 50 அடியாக்கச் சொன்னார். ஆனாலும் பல மாலுமிகள் பழைய 42 அடியை விடவில்லை. கப்பல் உண்மையில் இருக்கும் இடத்தைத் தாண்டிப் போய்விட்டதாகக் கணக்கு காட்டினாலும் பரவாயில்லை, கரை இன்னும் தூரத்தில் இருக்கிறது என்று நம்பிப் பாறையில் மோதுவதைவிட அது மேல் என்று நினைத்தார்கள். கருவியிலும் பிழை வரும். ஈரம் பட்டால் கயிறு சுருங்கும், பழகப் பழக நீளும், அதனால் நனைத்து இழுத்த பிறகே முடிச்சுகளை அளந்து வைப்பார்கள். ஈரக்காற்றில் மணல் கட்டி தட்டி மெதுவாக இறங்கும், நாள்பட்ட கடிகையில் துளை தேய்ந்து பெரிதாகி வேகமாக இறங்கும். கப்பல் நல்ல வேகத்தில் போகும்போது 14 நொடிக் கடிகையை வைத்து அளந்து, வந்த எண்ணிக்கையை இரட்டிப்பார்கள்.

இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம், அடுத்த படி இதிலிருந்துதான் பிறக்கிறது. ஒரு தடவை அளந்த வேகத்தால் பயனில்லை. மணிக்கொரு முறையோ இரண்டு மணிக்கொரு முறையோ அளந்து, எந்தத் திசையில் எவ்வளவு நேரம் என்ன வேகத்தில் போனோம் என்று தொடர்ந்து எழுதி வைத்தால்தான் கப்பல் இப்போது எங்கே இருக்கிறது என்று கணக்கிட முடியும். புத்தகம்போல மடக்கக்கூடிய, கறுப்புச் சாயம் பூசிய இரண்டு பலகைகளில் இதைச் சுண்ணக்கட்டியால் எழுதினார்கள். மணி, முடிச்சு, பாகம், திசை, காற்று, குறிப்பு என்று கட்டங்கள். நாளுக்கு ஒருமுறை பலகையில் இருப்பதைக் காகிதப் புத்தகத்தில் படியெடுத்துவிட்டுப் பலகையைத் துடைத்துவிடுவார்கள். அந்தப் புத்தகம்தான் ‘லாக் புக்’. இந்தச் சொல் 1670களிலேயே கிடைக்கிறது. நாளடைவில் அதில் வேகம் மட்டும் இல்லாமல் வானிலை, சண்டை, சாவு, தண்டனை என்று கப்பலில் நடந்த எல்லாமே ஏறின. புக் என்பதை விட்டுவிட்டுப் பதிவேட்டையே ‘லாக்’ என்று அழைத்தார்கள். 1820களில் ‘பதிவேட்டில் ஏற்று’ என்ற பொருளில் அது வினையாகவும் அச்சில் வருகிறது. நம் ஊர் அரசு ஜீப் ஓட்டுநர் கிளம்பிய கிலோமீட்டரையும் சேர்ந்த கிலோமீட்டரையும் எழுதிக் கையெழுத்து வாங்கும் ‘லாக் புக்’ இதன் நேர் வாரிசு. 1997இல் ‘வெப்லாக்’ என்று தொடங்கி 1999இல் ‘பிளாக்’ ஆகச் சுருங்கிய வலைப்பதிவும் இதே குடும்பம்.

இதுவரை சொன்ன வரிசை உறுதியானது, ஒவ்வொரு படிக்கும் எழுத்துச் சான்று உண்டு. உறுதி தளரும் இடம் இதற்கும் முந்தையது. மரக்கட்டை என்ற பொருளில் அந்தச் சொல்லே ஆங்கிலத்துக்கு எங்கிருந்து வந்தது? 14ஆம் நூற்றாண்டிலிருந்து வழக்கில் இருக்கிறது. ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான நார்ஸில் விழுந்துகிடக்கும் மரத்தைக் குறிக்கும், ஒலியில் நெருங்கிய சொல் ஒன்று உண்டு. ஆனால் அதன் உயிரொலி ஆங்கிலத்தில் இப்படித் திரிந்திருக்க முடியாது என்று சொற்பிறப்பு ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. கனமான, பருத்த ஒன்றைக் குறிக்கும் ஒலியாகத் தானே உருவாகியிருக்கலாம் என்பது ஒரு கருத்து, அவ்வளவுதான். இங்கே யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். அதேபோல ‘பழைய காலத்தில் மரச் சீவல்களில் எழுதிக் கோத்து வைத்தார்கள், அதனால்தான் லாக் புக்’ என்று ஒரு கதை பரவலாகச் சுற்றுகிறது. மடக்குப் பலகையைப் பற்றி அரைகுறையாகக் கேட்டதிலிருந்து அது கிளம்பியிருக்கக்கூடும். புத்தகத்துக்கு அந்தப் பெயர் வந்தது அது மரத்தால் ஆனதால் இல்லை, கட்டையை வீசி அளந்ததை அதில் எழுதியதால். உங்கள் நண்பர் சொன்ன லாகரிதம், ஜான் நேப்பியர் 1614இல் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து உருவாக்கியது. சுருக்கி எழுதும்போது எழுத்துகள் ஒன்றாக அமைந்துவிட்டன, மற்றபடி உறவு ஏதும் இல்லை.

இனி கணினி. 1960களின் தொடக்கம் வரை கணினியில் வேலை பார்ப்பது என்றால் துளையிட்ட அட்டைகளின் கட்டு ஒன்றை ஆபரேட்டரிடம் கொடுத்துவிட்டுப் பல மணி நேரம் காத்திருப்பது. ஒரே இயந்திரத்தைப் பலர் ஒரே சமயத்தில், ஆளுக்கொரு டைப்ரைட்டர் முனையத்தில் உட்கார்ந்து பயன்படுத்தலாம் என்று செய்துகாட்டிய முன்னோடிகளில் ஒன்று, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ தலைமையில் உருவான சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பு. 1961 நவம்பரில் அதை ஓட்டிக் காட்டினார்கள். பலர் பகிர்ந்துகொண்டதும் புதிய தேவை ஒன்று வந்தது. கணினி நேரம் தங்க விலை. யார் எப்போது உட்கார்ந்தார், எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார், அவருக்கு ஒதுக்கியதில் மீதி என்ன என்று கணக்கு வைத்தே ஆக வேண்டும். அதற்காக வேலையைத் தொடங்குகிறவர் முதலில் கொடுக்க வேண்டிய கட்டளைக்கு ‘லாகின்’ என்று பெயர் வைத்தார்கள். அதோடு தன் திட்ட எண்ணையும் பெயரையும் தட்ட வேண்டும், பிறகு கணினி பாஸ்வேர்டு கேட்கும். முடிக்கும்போது கொடுப்பது ‘லாகவுட்’, அதற்குக் கணினி செலவான நேரத்தை அச்சடித்துக் கொடுக்கும். கப்பலில் மணிக்கொரு முறை எழுதியதைப் போல இங்கே வருகையும் போகையும் ஏட்டில் ஏறின. கணினிப் பொருளில் இந்தத் தொடருக்கு அகராதிகள் காட்டும் முதல் எழுத்துச் சான்று 1963. அமைப்பு அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்ததால் வாய்ப்பேச்சில் இன்னும் சற்று முந்தியதாக இருக்கும் என்று ஊகிக்கலாம்.

பாஸ்வேர்டு இருந்ததால் அது அப்போதே பூட்டுத்தானே என்று கேட்கலாம். அந்த நாளில் அது காவல் காத்தது பெரும்பாலும் கணக்கு ஏட்டைத்தான், ஒருவர் நேரத்தில் இன்னொருவர் கைவைக்காமல் இருப்பதற்காக. இதை நிரூபிக்கும் சம்பவம் ஒன்று உண்டு. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரம் நான்கு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள், அவர் ஆய்வுக்கு அது போதவில்லை. 1962இல் பாஸ்வேர்டு கோப்பையே அச்சடிக்கச் சொல்லிக் கணினிக்கு ஒரு கோரிக்கை கொடுத்து, வந்த பட்டியலை எடுத்துக்கொண்டு மற்றவர்கள் கணக்கில் வேலையைத் தொடர்ந்தார். பல ஆண்டுகள் கழித்து அவரே இதை வெளியில் சொன்னார். கணினி வரலாற்றின் முதல் பாஸ்வேர்டு திருட்டு என்று பலரும் குறிப்பிடும் இது, இயந்திர நேரத்துக்காக நடந்தது.

இந்தச் சொல்லுக்குப் புகழ் தேடித் தந்த இரவு 1969 அக்டோபர் 29. இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட்டில், லாஸ் ஏஞ்சலிஸின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்திலிருந்து வடக்கே எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனத்தில் இருந்த கணினிக்கு சார்லி கிளைன் என்ற மாணவர் ‘லாகின்’ என்று ஓரெழுத்தாகத் தட்டினார். எல் போனது, ஓ போனது, ஜி தட்டியதும் அந்தப் பக்கத்துக் கணினி நின்றுவிட்டது. சுமார் ஒரு மணி நேரத்தில் சரிசெய்து முழுச் சொல்லையும் அனுப்பினார்கள். அந்த முயற்சியை இரவு 22:30 என்று நேரம் போட்டு ஒரு நோட்டில் கையால் எழுதி வைத்தார்கள். அந்த நோட்டு இன்றும் பாதுகாப்பாக இருக்கிறது. அதற்கும் பெயர் ‘லாக்’தான்.

அடுத்து ‘இன்’. ஆங்கிலத்தில் வினையோடு ஒட்டும் இந்தச் சிறு சொல்லுக்குப் பெரும்பாலும் இரண்டு வேலை: ஓர் இடத்துக்குள் நுழைவது, ஓர் ஏட்டுக்குள் சேர்ப்பது. ‘சைன் இன்’, ‘கிளாக் இன்’, ‘செக் இன்’ மூன்றிலும் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன, வந்ததைப் பதிவு செய்கிறோம், உள்ளேயும் போகிறோம். ‘லாக் இன்’ அந்த அச்சில் வார்த்தது என்பதே என் கணிப்பு. தொழிற்சாலைகளில் வருகையை அச்சடிக்கும் நேரக் கடிகாரத்துக்கு வில்லார்ட் பண்டி 1890இல் காப்புரிமை பெற்றார். அவர் குடும்பத்தின் நிறுவனம் பல இணைப்புகளுக்குப் பிறகு 1911இல் சேர்ந்த கூட்டு நிறுவனமே 1924இல் ஐ.பி.எம். என்று பெயர் மாற்றிக்கொண்டது. சி.டி.எஸ்.எஸ். ஓடியதும் ஐ.பி.எம். கணினியில்தான். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் இதையே சான்றாக வைத்து ‘கிளாக் இன்னிலிருந்துதான் லாக் இன் வந்தது’ என்று முடிவு கட்டக் கூடாது. சொல்லமைப்பு ஒத்துப்போகிறது என்ற அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

‘லாக் ஆன்’ என்பதற்கும் பொருள் அதுவேதான். எந்த நிறுவனம் எதைப் பழக்கியது என்பதில்தான் வேறுபாடு. எம்.ஐ.டி. வழியிலும் யூனிக்ஸ் இயங்குதளத்திலும் ‘லாகின்’, ஐ.பி.எம். பெருங்கணினிகளில் ‘லாகான்’, ‘லாகாஃப்’. விண்டோஸ் நீண்டகாலம் ‘லாக் ஆன்’ என்றே திரையில் காட்டியது, விண்டோஸ் 8 வந்ததும் ‘சைன் இன்’ என்று மாற்றிக்கொண்டது. அதன் உள்பதிவேடுகளில் இன்றும் பழைய ‘லாகான்’தான் இருக்கிறது. ஜோடியை மட்டும் கலக்காதீர்கள்: இன் என்றால் அவுட், ஆன் என்றால் ஆஃப். ‘சைன் அப்’ மட்டும் வேறு, அது முதன்முறையாகக் கணக்கு தொடங்குவது. இன்னை நினைத்துக்கொண்டு அப்பை அழுத்தி, ஒரே மின்னஞ்சலுக்கு இரண்டாவது கணக்கு தொடங்கப் பார்த்து ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்ற பிழைச்செய்தி வாங்குகிறவர்கள் நிறையப் பேர்.

எழுதும் முறைக்கு ஒரு சோதனை போதும். அந்த வாக்கியத்தை இறந்தகாலத்துக்கு மாற்றிப் பாருங்கள். ‘லாக்ட் இன்’ என்று மாறினால் அது வினை, இரண்டு சொல்லாகப் பிரித்து எழுதுங்கள். மாறவில்லையென்றால் பெயர், சேர்த்து எழுதுங்கள். ‘லாகின் பேஜ்’, ‘யுவர் லாகின்’ என்பவை பெயர்கள். ‘ப்ளீஸ் லாக் இன்’ என்பது வினை, அதைச் சேர்த்து எழுதுவது பிழை. பெரிய நிறுவனங்களின் இணையதளங்களிலேயே இந்தப் பிழை இருப்பதால் பார்த்துப் பழகிவிட்டோம். இறந்தகால விகுதி எப்போதும் லாக் மேல்தான் ஏறும், இன் மேல் ஏறாது, ஆகவே ‘லாகின்ட்’ என்று ஒரு சொல் கிடையாது. விகுதி ஏறும்போது ஜி எழுத்து இரட்டிக்கும். ‘நான் லாகினில் இருக்கிறேன்’ என்பதை நினைத்துக்கொண்டு ‘ஐ ஆம் லாகின்’ என்று எழுதிவிடுகிறோம், ‘ஐ ஆம் லாக்ட் இன்’ என்பதே சரி. தமிழில் ‘போர்ட்டல்ல லாகின் பண்ணு’ என்று ஒரே உருபில் முடிந்துவிடுவதால் ஆங்கிலத்தில் ‘டு’ விட்டுப்போகிறது. ‘லாக் இன் டு தி போர்ட்டல்’ என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். இன் வினையின் உறுப்பு, டு அடுத்த சொல்லோடு சேர்வது. இரண்டையும் ஒட்டி ‘இன்டு’ என்று எழுதுவதும் அச்சில் தாராளமாகப் புழங்குகிறது, அதைத் தவறு என்று அடிக்க மாட்டேன், ஆனால் அலுவலகக் கடிதத்தில் பிரிப்பதையே விரும்புவேன். செயப்படுபொருள் நடுவில் வரலாம்: ‘லாக் மீ இன்’, ‘லாக் தி யூசர் அவுட்’.

தமிழில் ‘உள்நுழை’, ‘வெளியேறு’ என்பவை எளிமையால் நிலைத்துவிட்டன. தமிழ் விக்கிப்பீடியாவில் புழங்கிய ‘புகுபதிகை’, ‘விடுபதிகை’ இரண்டும் எனக்கு இன்னும் பிடித்தமானவை, பதிவு என்ற பாதியை அவை கைவிடவில்லை. பேச்சில் நாம் இந்தச் சொல்லை இன்னொரு பக்கமும் நகர்த்தியிருக்கிறோம். சென்னை பி.பி.ஓ.க்களில் ‘உனக்கு லாகின் எத்தனை மணிக்கு?’ என்றால் ஷிஃப்ட் தொடங்கும் நேரம். கணினிக்கு முன்னால் உட்காராதவருக்கும் அங்கே லாகின், லாகவுட் உண்டு. வருகைப்பதிவு என்ற பழைய பொருளுக்கு அது திரும்பி வந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது.

நடைமுறையில் இது எங்கே உதவும் என்றால், ‘நான் அத்தனை மணிக்கு உள்ளே இருந்தேன்’ என்று காட்ட வேண்டிய இடத்தில். லாகின் இன்றும் பதிவேட்டில் எழுதத்தான் செய்கிறது. பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் ‘லாஸ்ட்’ என்ற கட்டளையைக் கொடுத்தால் யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்ற பட்டியல் வரும். விண்டோஸில் ஈவென்ட் வியூவரைத் திறந்து செக்யூரிட்டி பகுதிக்குப் போங்கள் (நிர்வாகி உரிமை வேண்டும்). 4624 என்ற எண் வெற்றிகரமான லாகான், 4625 தோற்றுப்போன முயற்சி, 4647 பயனரே கொடுத்த லாகாஃப். பின்னணிச் சேவைகளும் 4624ஐ உண்டாக்கும் என்பதால் எல்லா வரிகளையும் உங்கள் கணக்கில் எண்ணிவிடாதீர்கள், ‘லாகான் டைப்’ என்ற இடத்தில் 2 என்று இருப்பதுதான் பொதுவாக விசைப்பலகை முன் உட்கார்ந்து உள்ளே வந்தது. விண்டோஸ் பொத்தானோடு எல் எழுத்தை அழுத்தினால் நடப்பது லாகாஃப் இல்லை, அது பூட்டு. நிரல்கள் ஓடிக்கொண்டே இருக்கும், 4647 பதிவாகாது. அதற்குத் தனி எண் 4800, திறக்கும்போது 4801. அவை பதிவாக வேண்டுமானால் நிர்வாகி தணிக்கை அமைப்பில் ‘மற்ற லாகான், லாகாஃப் நிகழ்வுகள்’ என்ற பிரிவை முன்கூட்டியே இயக்கியிருக்க வேண்டும்.